வாடகைக்கு விட்ட மூன்று மாடிக் கட்டிடம்: தீப்பாதுகாப்பு வரைபடம் போடுவது எப்படி?

வளவுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட, அக்காவின் மூன்று மாடிக் கட்டிடம் ஒன்றை நான் பார்த்து வருகிறேன். அக்கா கனடாவில். கீழே ஒரு சாப்பாட்டுக் கடையும் ஒரு போட்டோக்கொப்பிக் கடையும். மேல் இரண்டு மாடியும் மாணவர்களுக்கு அறை அறையாக வாடகை. மாடிக்கு எட்டு அறை, அறைக்கு இரண்டு கட்டில். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. காணி மூன்று பரப்பு, பிரதான வீதியிலிருந்து ஓர் ஒழுங்கைக்குள் கொஞ்சம் உள்ளே வர வேண்டும்.

காப்புறுதியைப் புதுப்பிக்கப் போன இடத்தில் தீப்பாதுகாப்பு வரைபடம் கேட்கிறார்கள். என்னிடம் இருப்பது பிரதேச சபை அங்கீகரித்த பழைய பிளான் மட்டும். அதை ஸ்கேன் பண்ணி, தீயணைப்புக் கருவி எங்கே, வெளியே போகும் வழி எங்கே என்று சிவப்புக் குறியும் அம்புக்குறியும் வைத்துக் கொடுத்தால் போதுமா? இல்லாவிட்டால் புதிதாக வரைய வேண்டுமா? செய்கிறதை ஒழுங்காகச் செய்ய விருப்பம். மேலே இருப்பது பிள்ளைகள்.

செங்கல்:
மூன்று மாடிதானே. கொழும்பில் உயரக் கட்டிடங்களுக்குக் கேட்கிற கோப்பை இங்கே ஒவ்வொரு வாடகைக் கட்டிடத்துக்கும் கேட்டால் யார் கட்டுவது? நானும் கட்டிட வேலைதான் செய்கிறேன். கருவி நான்கு வாங்கிக் கொழுவுங்கள், பழைய பிளானில் குறித்துக் கொடுங்கள். காப்புறுதிக்காரருக்கு அது காணும்.

கோட்டுக்கோல்:
செங்கல் அண்ணை சொல்வதில் செலவுக் கவலை நியாயம். ஆனால் பழைய பிளானில் குறி வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன். படவரைஞராக இந்த ஊரிலேயே வேலை செய்கிறேன். அங்கீகரித்த பிளானும் நிற்கிற கட்டிடமும் அச்சொட்டாக ஒத்துப்போன இடம் மிகக் குறைவு. பிளானில் திறந்த பல்கனி இருக்கும், நேரில் அதை அடைத்து ஓர் அறை. பிளானில் பின்கதவு இருக்கும், நேரில் அந்தக் கதவை மறைத்து ஒரு பிரிட்ஜ். பிளானில் யன்னல் வெறும் யன்னல், நேரில் அதற்கு இரும்புக் கம்பி ஒட்டியிருக்கும். பிளானில் இல்லாத கம்பிக் கேற் ஒன்று படிக்கட்டின் அடியில் பூட்டுடன் நிற்கும். இந்த நான்கும் வரைபடத்தில் வராவிட்டால், இல்லாத கட்டிடம் ஒன்றுக்குத்தான் நீங்கள் பாதுகாப்புக் காட்டுகிறீர்கள்.

ஆகவே பழைய பிளானைக் கையில் வைத்துக்கொண்டு, நாடாவோடு கட்டிடம் முழுக்க நடவுங்கள். கதவுகளின் அகலத்தை நிலையிலிருந்து நிலைக்கு எடுக்காமல், கதவைத் திறந்து வைத்து ஆள் போகக்கூடிய வெளியை எடுங்கள். கதவுப் பலகையின் தடிப்பும் பிணைச்சலும் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். படிக்கட்டின் அகலத்தைக் கைபிடிக்கும் சுவருக்கும் இடையில் எடுங்கள். நடைபாதையில் செருப்புத் தட்டு, தண்ணீர்ப் போத்தல் அடுக்கு, சைக்கிள் எது நிற்கிறதோ அது நிற்கும் இடத்தில் மிஞ்சும் அகலத்தையும் எழுதுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, எந்தப் பூட்டு, சாவி யாரிடம் என்பதும் குறிப்பில் வர வேண்டும். சீலிங் என்ன, தடுப்புச் சுவர் என்ன என்றும் பாருங்கள். இப்போது கனபேர் பிவிசி சீலிங் அடிக்கிறார்கள். சூடு பட்டால் அது உருகித் தலையில் விழும், புகையும் நச்சு.

வெளியிலும் அளக்க வேண்டும். ஒழுங்கையின் ஆக ஒடுங்கிய இடம், கேற் தூண்களுக்கு இடைவெளி, குறுக்கே போகும் வயரின் உயரம், கிணறு, தண்ணீர்த் தாங்கி, பக்கத்து வீட்டுச் சுவருக்கு உள்ள தூரம்.

சட்டப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டிட அனுமதியின் வேர் 1978ஆம் ஆண்டு 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம். இப்போது 2021இல் வர்த்தமானியில் வந்த திட்டமிடல், அபிவிருத்தி ஒழுங்குவிதிகளைப் பார்க்கிறார்கள். தீப்பாதுகாப்பு வடிவமைப்புக்குத் தனியாக ஒரு நூல் இருக்கிறது. முன்பு இக்டாட் (ICTAD) என்ற அரச கட்டிட நிர்மாணப் பயிற்சி நிறுவனம் வெளியிட்டது, இப்போது அந்த நிறுவனம் சிடா (CIDA), நிர்மாணத் தொழில் அபிவிருத்தி அதிகார சபை. வீடாக அனுமதி எடுத்த கட்டிடத்தைக் கடையாகவோ, மாணவர் வாடகைக்குத் தங்கும் போடிங்காகவோ மாற்றினால், பயன்பாட்டு மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். வளவுக்காரன், உங்கள் கட்டிடம் என்ன பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது என்று அந்தப் பிளானின் தலைப்பிலேயே இருக்கும். முதலில் அதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வளவுக்காரன்:
பார்த்தேன் அண்ணை. கீழே கடை, மேலே இரண்டு வீடு என்று இருக்கிறது. அறை அறையாகப் பிரித்தது பிறகு. பிளைவூட் தடுப்பு.

கோட்டுக்கோல்:
அப்படியென்றால் வரைபடத்துக்கு முன்னால் சபைக்குப் போங்கள். திருநெல்வேலி நல்லூர்ப் பிரதேச சபைக்குள் வரும். தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லி, பயன்பாட்டு மாற்றத்துக்கு என்னென்ன தாள் வேண்டும், தீயணைப்புப் பிரிவின் சிபாரிசு வேண்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதிக்கு ஒரு வரைபடம், சபைக்கு இன்னொன்று என்று வேறு வேறு உண்மை காட்டக் கூடாது. இழப்பீடு கேட்கிற நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

மூன்றாம்_வருடம்:
நான் வேறொரு போடிங்கில் இருக்கிறேன், பெண்கள் மட்டும். இதை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் படிக்கட்டின் அடியில் கம்பிக் கேற். இரவு ஒன்பது மணிக்கு வீட்டு அன்ரி மாங்காய்ப் பூட்டுப் போட்டுவிட்டு, சாவியோடு முன்வீட்டில் படுத்துவிடுவார். எல்லா யன்னலுக்கும் கம்பி. மேலே மொட்டை மாடிக் கதவுக்கும் பூட்டு. அறைக்குள் றைஸ் குக்கர், ஹீற்றர், அயன்பொக்ஸ் எல்லாம் ஒரே மல்ட்டிபிளக்கில். அன்ரி கெட்டவர் இல்லை, எங்கள் பாதுகாப்புக்காகத்தான் பூட்டுகிறார். ஆனால் கீழே நெருப்புப் பிடித்தால் நாங்கள் எதால் இறங்குவது என்று யாரும் யோசித்த மாதிரித் தெரியவில்லை. நீங்கள் சொல்கிற வரைபடத்தில் இப்படிப் பூட்டையெல்லாம் உண்மையில் காட்டுவார்களா?

லண்டன்_வடலி:
காட்டத்தான் வேண்டும், தங்கச்சி. நான் லண்டனில் கட்டிடங்களுக்குத் தீ ஆபத்து மதிப்பீடு செய்கிறவன். இங்குள்ள சட்டம் யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தாது, நெருப்பு மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

கும்பகோணம் நினைவிருக்கும். 2004 ஜூலை 16, பள்ளிக்கூடத்துக் கூரையில் பிடித்த தீ, 94 பிள்ளைகள் போனார்கள். ஒடுங்கிய படிக்கட்டு, இறங்க வேறு வழி இல்லை. 2024 பெப்ரவரி 29இல் டாக்காவின் பெய்லி வீதியில் ஏழு மாடிக் கட்டிடம் ஒன்று எரிந்தது. மாடிக்கு மாடி சாப்பாட்டுக் கடைகள், படிக்கட்டு ஓரத்தில் எரிவாயு சிலிண்டர்கள். 46 பேர் இறந்தார்கள். இறங்குகிற ஒரே வழியில் தடையும் எரிபொருளும். வளவுக்காரனின் கட்டிடத்தில் கீழே சாப்பாட்டுக் கடை, மேலே தூங்குகிற பிள்ளைகள், இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. இந்தச் சேர்க்கையைத்தான் நாங்கள் ஆகக் கவனமாகப் பார்ப்போம். திறந்த படிக்கட்டு புகைக்கு ஒரு புகைபோக்கி. கீழே அடுப்படியில் தொடங்கியது, அறைக் கதவைத் திறக்கும் முன்னே மேல் மாடியை நிரப்பிவிடும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் புகைதான்.

வரைபடம் பற்றி ஒரு விசயம். ஒரே தாளில் எல்லாவற்றையும் போட்டு முடிக்கப் பார்க்க வேண்டாம். இதை வாசிக்கப் போகிறவர்கள் மூன்று வகை. சபையும் காப்புறுதியும் பார்க்கிற தொகுதியில் அளவு, கணக்கு, பொருள், கதவு விபரம் எல்லாம் வேண்டும். தீயணைப்பு வீரருக்கு ஒரே ஒரு தாள் காணும்: எங்கால் உள்ளே வருவது, தண்ணீர் எங்கே, மெயின் சுவிட்ச் எங்கே, எரிவாயு எங்கே, எத்தனை பேர் எந்த மாடியில் தூங்குகிறார்கள். மூன்றாவது, சுவரில் மாட்டுகிற வழிகாட்டிப் படம். அதில் அளவு ஒன்றும் வேண்டாம். சுவர், கதவு, நீங்கள் நிற்கும் இடம், பச்சை அம்புக்குறி, சிவப்பில் கருவி, வெளியே கூடும் இடம். அவ்வளவுதான்.

சுவர்ப் படத்தில் அதிகம் பிழைப்பது திசை. வரைபடத் தாளில் வடக்கு மேலே இருக்கும். அதை அப்படியே பிரதி எடுத்து நான்கு சுவரிலும் மாட்டினால், சில சுவர்களில் இடப் பக்கம் காட்டும் அம்பு உண்மையில் வலப் பக்கம் போகும். படத்தைப் பார்க்கிறவர் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறாரோ, அந்தப் பக்கம் தாளின் மேலே வர வேண்டும். ஐஎஸ்ஓ 23601 என்ற தரநிலை இதைத்தான் சொல்கிறது. மாட்டும் இடத்துக்கு ஒரு படம் தனியாகத் திருப்ப வேண்டும். குறிகளுக்கு ஐஎஸ்ஓ 7010. நடைபாதைக்கு ஏ3, அறைக் கதவின் உட்புறத்துக்கு ஏ4.

செங்கல்:
டாக்காவை இங்கே கொண்டுவருவது சரியா? அது ஏழு மாடி. எங்கள் கட்டிடம் முழுக்கக் கல்லும் கொங்கிறீற்றும். எரிய என்ன இருக்கிறது?

லண்டன்_வடலி:
எரிவது சுவர் இல்லை அண்ணை. மெத்தை, உடுப்பு, புத்தகம், பிளைவூட், சீலிங், எண்ணெய், எரிவாயு. உங்கள் கல்லுச்சுவர் நல்லது, அதை நான் மறுக்கவில்லை. பூச்சுப் பூசிய கல்லுச்சுவர் தீயைக் கனநேரம் தாங்கும். அதனால்தான் அதில் உள்ள ஓட்டையைத் தேடச் சொல்கிறேன். சாப்பாட்டுக் கடைச் சுவரில் படிக்கட்டுப் பக்கம் ஒரு யன்னலோ, சாப்பாடு நீட்டும் துவாரமோ, வயர் போகும் குழியோ இருந்தால் சுவரின் பலன் அவ்வளவும் போச்சு. வளவுக்காரன், அப்படி ஏதும் உண்டா?

வளவுக்காரன்:
உண்டு. கடைக் குசினியின் ஒரு யன்னல் படிக்கட்டின் அடிப்பக்கம் திறக்கிறது. வெக்கை போகத் திறந்தே இருக்கும். சிலிண்டர் இரண்டு அந்த யன்னலுக்குக் கீழே, படிக்கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். இப்போது எழுதும்போதே நெஞ்சு பதறுகிறது.

லண்டன்_வடலி:
வரைபடத்துக்குக் காத்திருக்க வேண்டாம், நாளைக்கே சிலிண்டரை வெளியே எடுப்பியுங்கள். சமையல் எரிவாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு ஓடிப் பள்ளத்தில் தேங்கும். படிக்கட்டின் அடி அதற்கு வாய்த்த குழி. கட்டிடத்துக்கு வெளியே, திறந்த காற்றில், கதவு யன்னல் வடிகால் வாய்களுக்குத் தள்ளி, பூட்டிய கம்பிக் கூட்டுக்குள் நிமிர்த்தி வைக்க வேண்டும். குழாய் உள்ளே வருகிற இடத்தில் அடைக்கும் வால்வு ஒன்று. அந்த வால்வின் இடம் மூன்று தாளிலும் வர வேண்டும். வாயு உணரி பூட்டினால் தரைக்குக் கிட்டப் பூட்டுங்கள், சீலிங்கில் வேண்டாம். யன்னலைக் கல்லு வைத்து அடைத்து, வெக்கைக்குப் புகைக்குழாய் ஒன்றை வெளிச்சுவரால் விடலாம்.

கோட்டுக்கோல்:
கணக்குப் பக்கத்துக்கு வருகிறேன், எல்லா வரைபடத்திலும் இதுதான் விடுபடுவது. ஆட்களின் எண்ணிக்கையிலிருந்துதான் கதவின் அகலமும் வாசல்களின் எண்ணிக்கையும் வரும். சபைக்குக் கொடுக்கும்போது சிடா நூலின் அட்டவணையை எடுங்கள். முறை விளங்குவதற்காகப் பிரித்தானிய வழிகாட்டியின் எண்களை இங்கே போடுகிறேன்.

சாப்பாட்டுக் கடையில் இருந்து சாப்பிடும் பரப்புக்கு ஆளுக்கு 1 சதுர மீற்றர், கடையின் விற்பனைப் பரப்புக்கு 2, அலுவலகத்துக்கு 6. உங்கள் கடையில் மேசை போட்ட இடம் 60 சதுர மீற்றர் என்று வைப்போம். 60 பேர். அந்த வழிகாட்டியில் ஒரு வாசல் 60 பேர் வரைதான் காணும். குசினியில் வேலை செய்கிறவர்களைக் கூட்டினால் எல்லை தாண்டும், இரண்டாவது வாசல் வேண்டும். 60 பேருக்குக் குறைந்தது 750 மில்லிமீற்றர் தெளிந்த அகலம், 110 பேர் வரை 850, 220 பேர் வரை 1050. அறுபதுக்கு மேல் போனால் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும்.

மேல் மாடிகளுக்குப் பரப்பைப் பிரிக்க வேண்டாம், கட்டிலை எண்ணுங்கள். எட்டு அறை, அறைக்கு இரண்டு, மாடிக்கு 16 பேர். இரண்டு மாடிக்கும் 32 பேர், ஒரே படிக்கட்டு. பரீட்சை நேரம் நண்பர்கள் வந்து தங்குவார்கள், அதையும் மனதில் வையுங்கள்.

அடுத்தது நடக்கும் தூரம். கோல் வைத்து நேர்கோடு இழுக்கக் கூடாது. கட்டிலைச் சுற்றி, கதவால் வந்து, நடைபாதை வழியே ஆள் உண்மையில் நடக்கும் பாதையைக் கோடாகப் போட்டு அளக்க வேண்டும். தூங்கும் அறைகள் உள்ள நடைபாதையில், ஒரே ஒரு பக்கம்தான் போகலாம் என்றால் 9 மீற்றருக்கு மேல் அந்த வழிகாட்டி விடாது. இரண்டு பக்கமும் போகலாம் என்றால் 35. இந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். வளவுக்காரன், உங்கள் நடைபாதை எவ்வளவு நீளம்? படிக்கட்டு நடுவிலா, ஓரத்திலா?

வளவுக்காரன்:
ஓரத்தில். நடைபாதை 50 அடி வரும்.

கோட்டுக்கோல்:
15 மீற்றர் சொச்சம், ஒரு பக்கம் முட்டுச்சந்து. கடைசி அறைப் பிள்ளை புகைக்குள்ளால் படிக்கட்டை நோக்கி நடக்க வேண்டும். அந்தக் கடைசிச் சுவரில் ஒரு கதவு வெட்டி, வெளியே இரும்புப் படிக்கட்டு ஒன்று வைப்பதுதான் வழி. வெளிப் படிக்கட்டு வைத்தால் அதற்குப் பக்கத்தில் 1.8 மீற்றருக்குள் வருகிற யன்னல்கள் தீ தாங்கும் கண்ணாடியாக, திறக்காதவையாக இருக்க வேண்டும், அல்லது கல்லு வைத்து அடைக்க வேண்டும். சாப்பாட்டுக் கடைக் குசினி யன்னலுக்கு மேலால் படிக்கட்டை இறக்கி வைத்த இடங்களும் உண்டு. படிக்கட்டு இருக்கும், அதால் இறங்க முடியாது.

செலவு இருக்கிறது. ஆனால் இந்த ஒன்றைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன், கருவிகளை விட முதலில்.

செங்கல்:
இரும்புப் படிக்கட்டு என்றால் நான் செய்து தரலாம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு முதலில் எழுதியதை அப்படியே விட மனமில்லை. கருவி நான்கு கொழுவிவிட்டு இதை விட்டிருந்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரு சந்தேகம்: கடற்காற்று எங்கள் இரும்பை விடாது. கல்வனைஸ் பண்ணாமல் வெறும் பெயின்ற் என்றால் படியின் பொருத்துக்கள் சீக்கிரம் அரித்துவிடும். வரைபடத்தில் அதையும் எழுதலாமா?

கோட்டுக்கோல்:
கட்டாயம். படியின் வெட்டுமுகத்தில் பொருள், பூச்சு, அகலம், படியின் உயரம், கைபிடி உயரம் எல்லாம் போடுங்கள். வளைந்து சுற்றும் ஒடுங்கிய படி வேண்டாம். இருட்டில், பயத்தில், பலபேர் ஒன்றாக இறங்குகிறார்கள்.

மூன்றாம்_வருடம்:
பூட்டு விசயத்துக்கு ஒருவரும் விடை சொல்லவில்லையே. இரண்டாவது படிக்கட்டு வந்தாலும் அதற்கும் ஒரு பூட்டுப் போட மாட்டார்களா?

வளவுக்காரன்:
தங்கச்சி, நானும் பூட்டுகிறேன். காரணம் இருக்கிறது. சைக்கிள் களவு போகிறது, அறைக்குள் லப்டொப் இருக்கிறது. பெற்றோர் கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்பு என்று தூரத்திலிருந்து பிள்ளைகளை விடும்போது முதலில் கேட்பதே "இரவில் பூட்டுவீர்களா" என்றுதான். பூட்டாமல் விட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.

லண்டன்_வடலி:
வெளியிலிருந்து திறக்க முடியாமலும் உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கக்கூடியதாகவும் ஒரே கதவை அமைக்கலாம். உள்பக்கம் கையால் திருப்பும் குமிழ் உள்ள பூட்டுப் போடுங்கள். வெளிப் படிக்கட்டுக் கதவுக்குத் தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பி. கம்பிக் கேற்றுக்குள் கையை விட்டு வெளியிலிருந்து குமிழைத் திருப்பலாம் என்று பயந்தால், குமிழைச் சுற்றித் தகடு ஒன்று ஒட்டுங்கள். இரவில் யாரும் திறந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால் கதவில் ஒரு சத்தமணி. பெற்றோருக்கும் இதைக் காட்டலாம்: வெளியாள் வர முடியாது, உங்கள் பிள்ளை வெளியே வரலாம். சாவியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பக்கத்தில் தொங்கவிடும் முறையும் உண்டு, ஆனால் புகையில் சாவித் துவாரத்தைத் தேடுவது லேசான வேலை இல்லை. தூங்குகிற இடத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

யன்னல் கம்பியிலும் அறைக்கு ஒன்றை உள்ளிருந்து கொக்கி தட்டித் திறக்கும் சட்டமாக மாற்றலாம். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைகளில் இதைச் செய்வது பெரிய வித்தை இல்லை. வரைபடத்தில் ஒவ்வொரு வெளிக் கதவுக்கும் பக்கத்தில் பூட்டு வகையை எழுதி, கதவு அட்டவணை ஒன்றில் சேருங்கள். எழுத்தில் வந்துவிட்டால் நாளைக்கு யாரும் அங்கே மாங்காய்ப் பூட்டைத் தொங்கவிட்டால் அது வரைபடத்துக்கு முரண் என்று காட்டலாம்.

மூன்றாம்_வருடம்:
நன்றி அண்ணா. இந்தப் பதிவை அன்ரிக்கு வாசித்துக் காட்டப் போகிறேன். குமிழ்ப் பூட்டுக்கு நாங்கள் எல்லோரும் சேர்ந்து காசு போடவும் தயார்.

பெரியகடை_வியாபாரி:
எனக்குக் கஸ்தூரியார் வீதிப் பக்கம் புடவைக் கடை, இரண்டு மாடி. எங்களுக்கு வரைபடம் இருக்கிறது, கருவியும் இருக்கிறது. சிக்கல் நல்லூர்த் திருவிழாவும் தீபாவளியும் வரும்போதுதான். சரக்கு இரட்டிப்பாக வரும், வைக்க இடமில்லை, பின் படிக்கட்டில் பொதி அடுக்குவார்கள். அதே நாட்களில்தான் சனமும் நிறையும். திருவிழா 25 நாள், அந்தக் காலத்தில் கடைக்குள் நிற்கிற ஆட்களைச் சாதாரண நாள் கணக்கு காட்டாது. வரைபடத்தில் இதற்கு என்ன செய்யலாம்?

கோட்டுக்கோல்:
ஐயா, கணக்கை எப்போதும் ஆகக் கூடிய நாளுக்குப் போடுங்கள். விற்பனைப் பரப்பை 2ஆல் பிரித்து வருகிற எண் உங்கள் திருவிழா நாளுக்கு ஓரளவு கிட்ட வரும். பிறகு சரக்கு வைக்கும் இடத்தையும் வரைபடத்திலேயே ஒதுக்குங்கள். ஒதுக்காவிட்டால் படிக்கட்டுத்தான் களஞ்சியமாகும். படிக்கட்டு, அதன் அடி, பின்கதவுக்கு முன்னால் உள்ள இடம் எல்லாவற்றையும் சாய்கோடு போட்டு "வெறுமையாக இருக்க வேண்டிய இடம்" என்று எழுதி, அதே எல்லையைத் தரையில் மஞ்சள் பெயின்றால் அடியுங்கள். வேலைக்கு நிற்கிற பொடியனுக்குத் தாள் தெரியாது, தரையில் கோடு தெரியும்.

முன் ஷட்டரையும் கவனியுங்கள். உருட்டு ஷட்டரை வெளியேறும் வாசலாகக் கணக்கில் எடுக்கிறீர்கள் என்றால், கடையில் ஆள் நிற்கும் நேரம் முழுக்க அது முழுதாக மேலே இருக்க வேண்டும். மதியம் அரைவாசி இறக்கிவிட்டு உள்ளே கணக்குப் பார்க்கும் பழக்கம் இங்கே உண்டு.

வயரிங்_தம்பி:
கருவிகளைப் பற்றி ஒருவரும் இன்னும் பேசவில்லை. குறியை மட்டும் வைக்காமல் வகையையும் எடையையும் பக்கத்தில் எழுதுங்கள். போட்டோக்கொப்பிக் கடைக்கும் மின்சாரம் பிரிக்கும் டிபி போர்ட்டுக்கும் காபனீரொட்சைட்டு. குசினியில் வடை, றோல்ஸ் பொரிக்கிற தாச்சி இருந்தால் அதற்கு ஈர இரசாயன வகை, மஞ்சள் பட்டி போட்டது, ஒரு தீப்போர்வையும். கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கருவிக்குப் பக்கத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஒரு லீற்றர் தண்ணீர் 1,700 லீற்றர் அளவு ஆவியாக விரியும், எண்ணெயையும் கிளப்பிக்கொண்டு வரும். கருவியை அடுப்புக்குப் பின்னால் மாட்ட வேண்டாம், தீயைத் தாண்டிப் போய் எடுக்க ஏலாது. வெளியேறும் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினால் எடுத்துக்கொண்டு திரும்பவும் வரலாம், முடியாவிட்டால் அப்படியே வெளியே போகலாம்.

புகை உணரி நடைபாதையிலும் அறைகளிலும். குசினியில் சூடு உணரி, ஏனென்றால் தாளிக்கும் புகைக்குத் தினமும் அலறினால் யாராவது பற்றறியைக் கழற்றிவிடுவார்கள். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தக்கூடிய இணைப்பு வேண்டும். கீழே குசினியில் கத்துவது மேலே தூங்குகிற பிள்ளைக்குக் கேட்கத்தானே இவ்வளவும். மின்சாரம் நிற்கும் நேரத்துக்குப் பற்றறி விளக்குகள், ஒவ்வொரு படித் திருப்பத்திலும், வெளிக்கதவுக்கு மேலும்.

லண்டன்_வடலி:
நல்ல பதிவு. நான் சேர்ப்பது தண்ணீரும் வழியும். இங்கே லண்டனில் தீயணைப்பு வண்டிக்கு 3.7 மீற்றர் அகல வழியும், கேற்றில் 3.1 மீற்றரும், தலைக்கு மேல் 3.7 மீற்றரும் கேட்போம். யாழ்ப்பாண ஒழுங்கைகளில் பல அதற்குக் காணாது. காணாவிட்டால் அதை மறைக்காமல், வண்டி எங்கே நிற்கும், அங்கிருந்து கட்டிடம் எத்தனை மீற்றர் என்று வீரர்களுக்கான தாளில் எழுதுங்கள். அவர்கள் எத்தனை குழாய் இழுப்பது என்று அதை வைத்துத்தான் முடிவெடுப்பார்கள்.

கிணற்றையும் விடாதீர்கள். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தின் திறந்த கிணறு நல்ல தண்ணீர் மூலம். மேலே நிற்கும் பம்பி நடைமுறையில் ஏழு மீற்றருக்குக் கீழே உள்ள தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே கோடையில் நீர்மட்டம் தரையிலிருந்து எவ்வளவு கீழே என்று அளந்து குறியுங்கள். மாரியில் அளந்தது உதவாது. குழாய்க் கிணறு என்றால் உறிஞ்சும் குழாய் இறங்காது, அதைத் தண்ணீர் மூலம் என்று காட்ட வேண்டாம்.

வளவுக்காரன்:
கடைக்காரரோடு கதைத்தேன். சிலிண்டரை இன்றைக்கே பின்வளவுக்கு மாற்றிவிட்டார், கம்பிக் கூடு வரும்வரை தகரத்தால் நிழல். குசினி யன்னலை அடைக்கச் சம்மதம். அக்காவும் இரும்புப் படிக்கட்டுக்குச் சம்மதித்துவிட்டார். சபையில் தாள்களின் பட்டியல் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். கோட்டுக்கோல் அண்ணை, அளக்க எப்போது வருவீர்கள்? வரைபடம் கலரிலா வர வேண்டும்?

கோட்டுக்கோல்:
சனிக்கிழமை காலை வருகிறேன், எல்லா அறைச் சாவியும் மொட்டை மாடிச் சாவியும் கையில் இருக்கட்டும். பிள்ளைகள் அறையில் இருக்கும்போது அளப்பதுதான் நல்லது, கட்டில் எங்கே, பிளக் எங்கே என்று அப்போதுதான் தெரியும்.

தளப்படம் 1:100, குசினியும் படிக்கட்டும் 1:50. சுவரை மெல்லிய சாம்பல் கோட்டிலும் தீப்பாதுகாப்புப் பொருட்களைத் தடித்த கோட்டிலும், ஓட்டோகாட் என்ற வரைதல் மென்பொருளில் வேறு வேறு லேயராகப் போடுவேன். கலர் நல்லதுதான், ஆனால் கோப்புக்குள் போனதும் கறுப்பு வெள்ளையில்தான் பிரதி எடுப்பார்கள். சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகும். அதனால் ஒவ்வொரு குறிக்கும் வடிவமும் வேறாக இருக்க வேண்டும், குறி விளக்கம் அதே தாளில் இருக்க வேண்டும், தமிழிலும். மூலையில் திகதியும் எத்தனையாவது திருத்தம் என்பதும். வாடகைக்காரர் மாறினால், தடுப்பு ஒன்று எழும்பினால், அடுப்பு இடம் மாறினால், திருத்த எண் கூட வேண்டும். சபைக்குப் போகும் தாளில் தகுதியுள்ள கட்டிடக் கலைஞரோ பொறியியலாளரோ கையெழுத்திட வேண்டும், அதற்கு நான் ஒழுங்கு செய்கிறேன்.

வயரிங்_தம்பி:
ஒரு கேள்வி, வளவுக்காரன் அண்ணை. கூரையில் சோலார் இருக்கிறதா?

வளவுக்காரன்:
ஓம், போன வருடம் பூட்டியது. இன்வேட்டர் இரண்டாம் மாடிப் படிக்கட்டுச் சுவரில்.

வயரிங்_தம்பி:
அப்ப அதுவும் வரைபடத்தில் வர வேண்டும். மெயின் சுவிட்சை இறக்கினாலும் பகலில் சோலார் பலகையிலிருந்து இன்வேட்டர் வரை வரும் வயரில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும், வெயில் நிற்கும்வரை. தீயணைப்பு வீரர் கூரையில் தண்ணீர் அடிக்க முன்னர் இது தெரிந்திருக்க வேண்டும். அந்த வயர் போகும் பாதையைக் கோடாகக் காட்டி, துண்டிக்கும் சுவிட்சின் இடத்தை வீரர்களுக்கான தாளிலும் கேற் அருகே மாட்டும் பலகையிலும் எழுதுங்கள். இன்வேட்டரையும் படிக்கட்டிலிருந்து எடுத்து வெளிச்சுவரில் நிழல் பக்கம் மாற்றுவது நல்லது. சனிக்கிழமை நானும் வருகிறேன், டிபி போர்ட்டையும் பார்த்துவிடலாம்.

கோட்டுக்கோல்:
வாங்கோ தம்பி. ஏணி ஒன்று கொண்டு வாருங்கள், ஒழுங்கை வயரின் உயரத்தையும் அளக்க வேண்டும்.